எட்டு மாத்திரையும் ஒரு பாயும்

டாக்டர்கள் தங்கள் கையெழுத்து மோசம் என்பதைச் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்வார்கள். எழுதிய மருந்தே மோசம் என்று ஒப்புக்கொண்ட டாக்டரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். இதோ, பார்த்துக்கொள்ளுங்கள். 1999-ல் கொல்லிமலையில் எழுபத்தாறு வயதுப் பெரியவர் ஒருவரை முட்டி வலியிலிருந்து காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று கிளம்பி, அவருடைய பதவியும் புத்தியும் ஒருசேரப் பறிபோகும் நிலைக்குக் கொண்டுவந்து நிறுத்தியவன் நான். அதுவும் அரசாங்கச் சம்பளம் வாங்கிக்கொண்டு.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. திருச்சிக்காரன். மருந்தியல் பாடத்தில் வகுப்பிலேயே முதலாவதாக வந்தவன். (அதை யாரும் கேட்காமலே சொல்லுவேன். இப்போதும் சொல்லிவிட்டேன், பாருங்கள்.) மலைமேல் சின்ன ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை கிடைத்தது. எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் நாற்பதாவது வரை தாக்குப்பிடித்து, பிறகு ஜன்னலோரச் சீட்டுக்காரரின் மடியில் என் வருகையைப் பதிவு செய்துவிட்டு, கம்பீரமாக வேலையில் சேர்ந்தேன்.

என் வைத்தியக் கொள்கை எளிமையானது. ஒரு தொந்தரவுக்கு ஒரு மாத்திரை. மாத்திரை வாங்காமல் ஒரு நோயாளி வாசலைத் தாண்டினால் அது எனக்கும் என் படிப்புக்கும் நேர்ந்த அவமானம். மலைக்காரர்களோ சாமையும் மரவள்ளியும் தின்று, மிளகுக்கொடி படர்ந்த மரம் ஏறி, காய்ச்சல் வந்தால்கூட இரண்டு நாள் படுத்து எழுந்துவிடுகிற பிறவிகள். நோயாளிக்காகத் தவம் கிடந்தேன். அந்தத் தவத்தின் பலனாக வந்து சேர்ந்தவர்தான் ஊர்க்கவுண்டர்.

ஊர்க்கவுண்டர் என்றால் அந்த ஊரின் தலைவர். வரப்புச் சண்டையிலிருந்து கல்யாணம் வரைக்கும் அவர் வாக்குதான் முடிவு. அதற்கு ஒரு முறை உண்டு. கோயில் முன்னால் பாய் விரித்து அவர் உட்காருவார். கல்யாண உறுதி என்றால் வெற்றிலைத் தட்டைக் கையில் பிடித்து, 'இன்னார் மகளை இன்னார் மகனுக்கு' என்று மூன்று தரம் சொல்ல வேண்டும். மூன்றாம் தரம் சொன்னால் கல்யாணம் உறுதி. சொல்லி முடிக்கும்வரை பாயை விட்டு எழக் கூடாது. எழுந்தால் அன்றைய பேச்சு கலைந்தது. அடுத்த நல்ல நாள் பார்த்துத்தான் மறுபடி கூடுவார்கள். முப்பது வருடம் அந்தப் பாயில் உட்கார்ந்தவர் அவர். ஒரு நாளும் பாதியில் எழுந்ததில்லையாம்.

"முட்டி கொஞ்சம் பிடிக்குதுங்க, சாமி. பாயில நெடுநேரம் உக்காரோணும். அதான் வந்தேன்" என்றார்.

எவ்வளவு சின்ன வேண்டுகோள்! ஒரு ஊன்றுகோலும் வெந்நீர் ஒத்தடமும் சொல்லியிருந்தால் போதும். நான் மருந்தியலில் முதலாவதாக வந்தவன் அல்லவா? வலி மாத்திரை எழுதினேன், மூன்று வேளைக்கு, நல்ல வீரியத்தில்.

இரண்டு வாரத்தில் திரும்பி வந்தார். முட்டி பரவாயில்லை, வயிறு எரிகிறது. வயிற்றெரிச்சலுக்கு ஒன்று எழுதினேன். அப்புறம் வந்தபோது கால் வீங்கியிருந்தது. (அந்த வலி மாத்திரை வயதானவர்களுக்குக் காலை வீங்கவைக்கும் என்று எந்தப் பக்கத்தில் போட்டிருக்கிறது என்பதுவரை எனக்குத் தெரியும். பரீட்சை முடிந்துவிட்டதால் அதற்கு மேல் அது என் கவலை இல்லை.) வீக்கம் வடிய நீர் மாத்திரை எழுதினேன், காலை ஒன்று, மாலை ஒன்று. மாலையில் போட்டதால் இரவெல்லாம் வெளியே போய்ப் போய் வந்தார். தூக்கம் கெட்டது. தூக்கத்துக்கு ஒன்று.

இந்த நிலையில்தான் ஆவணியில் ஒரு கல்யாண உறுதி வந்தது. ஊர்க்கவுண்டர் தம்பி வெள்ளையனின் பேத்திக்கும் மலையின் இன்னொரு பகுதியான ஆலத்தூர் நாட்டுப் பையன் ஒருவனுக்கும். பெரியவர் பாயில் உட்கார்ந்து, தட்டைக் கையில் எடுத்து, ஒரு தரம் சொன்னார். இரண்டாம் தரத்துக்குள் நீர் மாத்திரை அழைத்தது. பல்லைக் கடித்துப் பார்த்தார். முப்பது வருடத்தில் முதல் தடவையாகப் பாயை விட்டு எழுந்து மிளகுத் தோட்டத்துக்குள் ஓடினார். கூட்டம் கலைந்தது. புரட்டாசியில் கல்யாணப் பேச்சு கூடாது. மாப்பிள்ளைப் பையன் இரண்டு மாதம் காத்திருக்க வேண்டியதாயிற்று.

மறுநாள் பெரியவர் என் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். "மானம் போச்சுங்க, சாமி."

நான் நெஞ்சை நிமிர்த்தினேன். இந்த மானத்தை மீட்டுத் தருவது நவீன மருத்துவத்தின் கடமை. நீர் மாத்திரையை நிறுத்தியிருக்கலாமே என்கிறீர்களா? அது உங்களைப் போல சாதாரண மனிதர்களின் யோசனை. நான் நீரை வரவைக்கும் மாத்திரையைத் தொடரச் சொல்லி, நீரை அடக்கும் மாத்திரையைக் கூடவே எழுதினேன். ஒரே வண்டியில் ஆக்ஸிலேட்டரையும் பிரேக்கையும் சேர்த்து மிதித்துவிட்டு, வண்டி ஏன் புகைகிறது என்று யோசிக்கிற ஜாதி நான்.

புகை வந்தது. மலச்சிக்கல், அதற்கு ஒன்று. எழுந்தால் தலைசுற்றல், அதற்கு ஒன்று. தலைசுற்றல் மாத்திரையால் கை நடுங்க ஆரம்பித்தது; அதற்கும் ஒன்று. ஆக மொத்தம் எட்டு. சட்டைப் பையில் ஆரம்பித்த மருந்து, மஞ்சள் பைக்கு முன்னேறியது.

எங்கள் ஆஸ்பத்திரியில் மருந்து எடுத்துக் கொடுப்பவர் மும்தாஜ். அடிவாரத்து ஊர்க்காரர், தினமும் முதல் பஸ்ஸில் மலையேறி வருவார். அவருடைய அண்ணனுக்கு அடிவாரத்தில் மருந்துக்கடை உண்டு. எங்களிடம் இல்லாத மாத்திரையை அங்கிருந்துதான் கொண்டுவருவார். என் வயதுதான். வாய் மட்டும் என்னைவிட ஐம்பது வருடம் மூத்தது.

"டாக்டர் சார், பெரியவரை அடுத்த வாட்டி முறம் கொண்டாரச் சொல்லுங்க. பையில கொள்ள மாட்டேங்குது."

"நோய் அப்படி இருக்கும்மா" என்றேன், மிகுந்த வருத்தத்தோடு.

"ஆமா சார். நீங்க வந்ததுக்கு அப்புறம்தான் அவருக்கு இத்தனை நோய்."

அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். எனக்கு முன்னால் இருந்தவர்கள் கண்டுபிடிக்காததை எல்லாம் நான் கண்டுபிடித்திருக்கிறேன், பாருங்கள்.

ஐப்பசியில் மறுபடி உறுதி. இந்தத் தடவை பெரியவரே என்னை அழைத்தார். என்னை மாப்பிள்ளைப் பையனுக்குப் பக்கத்திலேயே உட்காரவைத்தார்கள். ஸ்டெதஸ்கோப்பைச் சட்டைப் பையில் பாதி தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு போயிருந்தேன். (கல்யாண வீட்டில் யார் நெஞ்சில் வைத்துப் பார்ப்பதாக உத்தேசம் என்று கேட்காதீர்கள்.)

பெரியவர் பாயில் உட்கார்ந்தார். எழவில்லை. அரைமணி நேரமாகியும் எழவில்லை. 'பார்த்தீர்களா?' என்கிற மாதிரி நான் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தேன். அப்புறம்தான் கவனித்தேன், அவர் வெற்றிலைத் தட்டை விரலால் தட்டித் தட்டி விட்டுக்கொண்டிருந்தார்.

"எறும்புங்க. தட்டு பூரா எறும்பு ஊருது. ஆருடா வெச்சது?"

தட்டில் ஒரு எறும்பும் இல்லை. பிறகு, "பெரியண்ணன் வந்தாச்சா?" என்று கேட்டார். பெரியண்ணன் அவருடைய மூத்த அண்ணன்; போய்ச் சேர்ந்து இருபது வருடம். அவர் தட்டை எடுத்தார். வறண்ட நாக்கை நனைத்து நனைத்து, பெண்ணின் பெயரைச் சரியாகச் சொன்னார். அடுத்து என் கையைப் பிடித்தார்.

"இந்த மாப்பிள்ளைக்கு" என்றார்.

சிரிப்பு கிளம்பியது. அவர் சிரிக்கவில்லை. இரண்டாம் தரமும் என் கையைத் தூக்கிப் பிடித்து, "இந்த மாப்பிள்ளைக்கு" என்றார். சிரிப்பு நின்றது. இன்னும் ஒரே ஒரு தரம். பக்கத்திலிருந்த பையன் முகம் வெளுத்துப் போய் என்னை ஒரு கொலைகாரனைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

"ஐயா, நான் டாக்டருங்க!" என்று கத்தினேன்.

"டாக்டருன்னா என்னங்க? பொண்ணு கட்ட மாட்டீங்களா?"

நல்லவேளை, காரியக்காரர் பாய்ந்து வந்து தட்டைப் பிடுங்கினார். (காரியக்காரர் என்பவர் ஊர்க்கவுண்டருக்கு அடுத்த பதவிக்காரர். அன்று அவர் ஒரு நொடி தாமதித்திருந்தால் எனக்குக் கல்யாணமாகி இன்றைக்குப் பேரன் பேத்தி இருந்திருப்பார்கள்.)

அப்போது வெள்ளையன் எழுந்தார். "அண்ணனுக்குப் புத்தி மாறிப்போச்சுங்க. எம் பேத்தி கலியாணம் ரெண்டு வாட்டி நின்னு போச்சு. இனி பாயை வேறொருத்தருக்கு விடறதுதான் நாயம்." வேறொருத்தர் என்றால் யார் என்று அவர் சொல்லவில்லை. வேட்டியைச் சரிசெய்துகொண்ட விதத்திலேயே தெரிந்தது.

காரியக்காரர் என்னிடம் திரும்பினார். "ஏனுங்க டாக்டரு, நீங்க படிச்சவுங்க. இது என்னங்க?"

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமே இருந்திருக்காது. அந்த இருபத்தாறு வயது மேதை தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தான். "வயதானால் மூளை சுருங்கும். ஞாபகம் பிசகும். இது இயற்கை" என்று பிரசங்கம் செய்தான். அதோடு விட்டானா? அங்கேயே சீட்டை எடுத்து, ஞாபக சக்திக்கு ஒன்பதாவது மாத்திரை எழுதினான்.

பன்னிரண்டு நாள் கழித்துக் கூடி, பெரியவரைப் பாயிலிருந்து இறக்கி, அதே நாளில் கல்யாண உறுதியையும் முடித்துவிடுவது என்று முடிவாயிற்று. டாக்டரே சொல்லிவிட்டாரே, அப்பீல் ஏது?

ஒன்பதாவது மாத்திரையை மும்தாஜ் கொடுக்கவில்லை. பெரியவரின் மருமகள் கொண்டுவந்த மஞ்சள் பையை வாங்கி, என் மேசைமேல் அப்படியே கவிழ்த்தார்.

"சார், இந்த எட்டும் ஆரு எழுதினது?"

"நான்தான்."

"இதுல ஒண்ணையாவது நிறுத்தினீங்களா?"

யோசித்தேன். எவ்வளவு யோசித்தும் ஒன்று கூட அகப்படவில்லை. எழுதுவதற்குப் பேனா வைத்திருந்தேனே தவிர, அதே பேனாவால் அடிக்கவும் முடியும் என்பது எனக்கு உறைத்ததே இல்லை.

மும்தாஜ் மாத்திரை அட்டைகளை வரிசையாக அடுக்கினார். "இது வலிக்கு. இது, அந்த மாத்திரையால வந்த எரிச்சலுக்கு. இது, அதால வந்த வீக்கத்துக்கு. இது, இதுக்கு. இது, அதுக்கு. அவருக்கு வந்த நோவு முட்டி வலி ஒண்ணுதான் சார். மிச்ச ஏழும் நம்ம ஊட்டுச் சரக்கு."

மருந்தியல் புத்தகத்தை எடுத்தேன். அதே பக்கங்கள், பரீட்சைக்காக நானே சிவப்பு மையில் கோடு போட்டவை. வயதானவர்களுக்குச் சிறுநீரகம் மெதுவாகும், மருந்து உடம்பில் தங்கும், நீரை அடக்கும் மாத்திரையும் நடுக்க மாத்திரையும் தூக்க மாத்திரையும் சேர்ந்தால் இல்லாத எறும்பெல்லாம் ஊரும். எல்லாம் இருந்தது. ஒன்பதாவது மாத்திரையின் சீட்டைக் கிழித்துப் போட்டேன்.

அன்று மாலையே பெரியவர் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான் யார் என்று தெரிந்தது. அன்று கொஞ்சம் தெளிந்த நேரம்.

"பாயில இருந்து எறங்கறது பெருசில்லீங்க, சாமி. வயசாச்சு, எறங்கோணும். ஆனா கிறுக்கன்னு பேர் கட்டி எறக்குறாங்க பாருங்க, அது தாங்க முடியலீங்க. நான் நானா இல்லைன்னு எனக்கே தெரியுதுங்க."

தப்பு என்னுடையது என்று அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. மாத்திரைகளை மாற்ற வேண்டும் என்று மட்டும் முனகிவிட்டு, மும்தாஜ் சொன்ன வரிசைப்படி ஒவ்வொன்றாகக் குறைத்து நிறுத்தினேன். முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம், ஒரு கோல், தாங்க முடியாத நாளில் மட்டும் சாதாரண வலி மாத்திரை.

எட்டாம் நாள் போனபோது மிளகுக்கொடிக்கு அடியில் நின்று யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். தெளிவான, கோவையான, நீளமான திட்டு. என் வாழ்க்கையில் அவ்வளவு இனிமையான கெட்ட வார்த்தைகளைக் கேட்டதில்லை.

"முட்டி எப்படீங்க?" என்றேன்.

"வலிக்குதுங்க. ஆனா வலிக்கிறது எனக்குத்தான்னு தெரியுதுங்க, சாமி."

பன்னிரண்டாம் நாள் காலை கூட்டம் கூடியது. நான் எழுந்து, அறுபது எழுபது பேர் முன்னிலையில், எட்டு மாத்திரைகளின் பெயரையும் சொல்லி, ஒவ்வொன்றையும் ஏன் எழுதினேன் என்று ஒப்புவித்தேன். நான்காவது மாத்திரைக்கே சிலர் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். "பெரியவர் மூளையில் ஒரு குறையும் இல்லை. குறை என் சீட்டில்தான்" என்று முடித்தேன்.

வெள்ளையன் லேசுப்பட்டவர் இல்லை. "டாக்டரு தங்கமான மனுசரு. அண்ணனுக்காவப் பொய் சொல்றாரு. ஏனுங்க, புத்தி கெட்டவனுக்குத்தான மாத்திர குடுப்பாங்க? மாத்திர தின்னா புத்தி கெடுமா? நெசமின்னா, அதே எட்டையும் டாக்டரு தின்னுபோட்டு இந்தப் பாயில உக்காரட்டும். பொழுது உச்சிக்கு வரட்டும். பாப்போம்."

கூட்டம் ஆமோதித்தது. மும்தாஜ் ஒவ்வொன்றிலும் ஒன்றே ஒன்று, அதற்கு மேல் கிடையாது என்று சண்டை போட்டு, ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியோடு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். எட்டையும் விழுங்கினேன்.

நிலைமையின் விசித்திரத்தைக் கவனியுங்கள். எனக்கு ஒன்றும் ஆகாவிட்டால் பெரியவர் கிறுக்கர் என்று முடிவாகிவிடும். உலகத்திலேயே, தான் எழுதிய மருந்து கெடுதல் செய்ய வேண்டும் என்று குலதெய்வத்தை வேண்டிக்கொண்ட டாக்டர் நான் ஒருவன்தான்.

முக்கால் மணி நேரத்தில் நீர் மாத்திரை கைகொடுத்தது. மிளகுத் தோட்டத்துக்கு ஓடினேன். வெள்ளையன் விரல் மடக்கி எண்ணினார். நான்கு தரம். "மூத்திரம் செரிங்க. புத்தி?" என்றார். என் பெயர் கேட்டார், சொன்னேன். கிழமை கேட்டார், சொன்னேன். இருபத்தாறு வயது மூளை சனியன் மாதிரி ஒழுங்காக வேலை செய்தது. பெரியவர் ஒவ்வொரு பதிலுக்கும் முகம் சுருங்கி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழி தெரியாமல் தட்டில் இல்லாத எறும்பை மெதுவாகத் தட்டிவிட ஆரம்பித்தேன்.

"சார், நடிக்காதீங்க" என்று மும்தாஜ் பல்லிடுக்கில் சொன்னார். "உங்களுக்கு அதுவும் வரலை."

பிறகு நடந்ததற்கு நான் சாட்சி இல்லை; மும்தாஜ் சொல்லித்தான் தெரியும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டதும் பாயிலிருந்த கோடுகள் நெளிந்ததும் மட்டும் நினைவிருக்கிறது. வெள்ளையன் மறுபடி கிழமை கேட்டிருக்கிறார். நான் அவரை உற்றுப் பார்த்து, "அம்மா" என்றேனாம். "எனக்கு இந்த ஊர் வேணாம்மா. பஸ்ல வாந்தி வருது. தயிர்சாதம் போடு" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேனாம். அழுகையோடு அழுகையாக, "எந்த மாத்திரை எதுக்குன்னு எனக்கே மறந்துபோச்சும்மா" என்று ஒரு வாக்குமூலமும் கொடுத்துவிட்டு, அவர் தோளிலேயே சாய்ந்து தூங்கிவிட்டேனாம்.

உச்சிப்பொழுது வர இன்னும் நேரமிருந்தது. வெள்ளையனால் எழவும் முடியவில்லை. என் தலை அவர் தோளில் இருந்தது. காரியக்காரர்தான் சொன்னாராம்: "இருவத்தாறு வயசுக் காளைக்கே ஒரு வேளைக்கு இந்தக் கதி. நாலு மாசம் தின்ன மனுசன் உசுரோட உக்காந்திருக்காரே, அதுவே பெருசு. பாயி அவருதுதான்."

மலமிளக்கி தன் பங்கை மறுநாள் விடியலில் செலுத்தியது. அதை எழுதினால் அச்சில் போட மாட்டார்கள்.

பெரியவர் பாயில் உட்கார்ந்ததும் இட்ட முதல் கட்டளை, "அந்தப் புள்ளையத் தூக்கி நெழல்ல போடுங்கப்பா" என்பதுதான். அடுத்து, தட்டை எடுத்து, பெண்ணையும் சரியான மாப்பிள்ளையையும் மூன்று தரம் தெளிவாகச் சொல்லி முடித்தார். நான் குறட்டை விட்டுக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் ஆறு வருடம் அந்தப் பாயில் இருந்தார். எழுபத்தைந்துக்கு மேற்பட்டவர்கள் எல்லோரும் இருக்கிற மாத்திரையை எல்லாம் முறத்தில் கொட்டிக்கொண்டுதான் டாக்டரைப் பார்க்க வர வேண்டும் என்று ஊருக்கு ஒரு கட்டுப்பாடும் போட்டார். நான் இருந்தவரை அது நடந்தது.

இந்தக் கதை எப்படியோ திருச்சிவரை இறங்கிவந்து என் அம்மா காதில் விழுந்தது. அன்றிலிருந்து நான் கொடுக்கும் எந்த மாத்திரையையும் அம்மா வாயில் போட்டதில்லை. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "முதல்ல நீ ஒண்ணு போட்டுக்கோ. ஒரு மணி நேரம் பார்த்துட்டு நான் போட்டுக்கறேன்" என்பாள். கல்யாணம், காதுகுத்து என்று சொந்தபந்தம் கூடும் எந்த இடத்திலும் வெள்ளையன் மடியில் நான் தயிர்சாதம் கேட்டதை என் மனைவிதான் நடித்துக் காட்டுவாள். (தோள், மடியாகி ரொம்ப நாளாகிறது.)

அம்மாவுக்கு இப்போது எண்பத்தொன்று. ரத்த அழுத்தத்துக்கு வேறு டாக்டரிடம்தான் போகிறாள். போன மாதம் அந்த டாக்டரின் சீட்டைக் கொண்டுவந்து என் முன்னால் நீட்டினாள். ஏழு மாத்திரை. சாப்பாட்டு மேசையில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அவருக்குப் போன் போட்டு அரைமணி நேரம் பேசி, நான்கை அடித்தேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சீட்டை மேலும் கீழும் பார்த்தாள்.

"அடிச்ச நாலையும் நான் நம்பறேன்டா" என்றாள். "மிச்ச மூணையும் நீ எழுதலையே?"